ஒரே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர்

என் கணவருக்கு ஜெனீவாவில் அலுவலக வேலை, அதனால் பகலெல்லாம் நான் தனி. பனிமலை, கேபிள் கார் எல்லாம் எனக்கு வேண்டாம், ஜெனீவா ஏரியை மட்டும் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றதும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஏரியியல் என்று ஒரு படிப்பு இருக்கிறதே, அது ஒரு துறையாக உருவெடுத்தது இந்தக் கரையில்தான். ஃபிரான்சுவா அல்போன்ஸ் ஃபோரெல் என்ற டாக்டர் தன் வீட்டுக்கு முன்னால் இருந்த ஏரியை வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவர் பார்த்ததில் இன்றைக்கும் கண்ணுக்குத் தெரிவது எது என்று போய்ப் பார்க்க ஆசை. இரவு அறைக்கு வந்து எழுதிப் போட்டவை இவை. கால்வலியோடு எழுதியதால் சில இடங்களில் எரிச்சல் தெரியலாம்.

ஜூன் 12, திங்கள். ஜெனீவா

ஜூன் மாதம் என்று நம்பி மெல்லிய சட்டையோடு கிளம்பினேன். வடகிழக்கிலிருந்து ஒரு காற்று அடிக்கிறது, பீஸ் என்கிறார்கள். மலைகளுக்கு நடுவே ஒடுங்கி வருவதால் நெஞ்சுக்கு நேராக வந்து இறங்குகிறது. 140 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைப் பீய்ச்சும் பெரிய நீரூற்றைக் காற்று பலமாக இருந்தால் நிறுத்திவிடுவார்களாம், இன்றைக்கு நிறுத்தியிருந்தார்கள். அதைப் படம் எடுக்க வந்த கூட்டம் முழுக்க வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றது. எனக்கு வெறும் தண்ணீர்தானே வேண்டும், நல்லதாகப் போயிற்று.

கரையோரப் பூங்காவுக்கு எதிரே தண்ணீருக்குள் இரண்டு பாறைகள் நிற்கின்றன. பனியாறு எந்தக் காலத்திலோ இழுத்து வந்து போட்டுவிட்டுப் போனவை. அதில் ஒன்றின் மேல் ஒரு வெண்கலத் தகடு பதித்திருக்கிறார்கள், கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் 373.6 மீட்டர். சுவிட்சர்லாந்தில் எந்த மலையின் உயரத்தைச் சொன்னாலும் இந்தத் தகட்டிலிருந்து கணக்குப் போட்டுத்தான் சொல்கிறார்கள். அதன் மேல் ஒரு நீர்ப்பறவை உட்கார்ந்து இறகைக் கோதிக்கொண்டிருந்தது.

இந்த ஊர்க்காரர்களை ரொம்ப நாள் குழப்பிய ஒரு விஷயம் உண்டு. காற்றே இல்லாத நாளிலும் ஏரியின் மட்டம் ஏறும், கொஞ்ச நேரத்தில் இறங்கும், மறுபடி ஏறும். அதற்கு செய்ஷ் என்று பெயர். 1730-லேயே ஃபாத்தியோ என்ற பொறியாளர் இதை எழுதி வைத்திருக்கிறார். 1841 அக்டோபரில் ஒரு தடவை ஜெனீவாவில் 1.8 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கியதாம், அதாவது ஓர் ஆள் உயரம். ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அதே 1841-இன் பிப்ரவரியில்தான் இங்கிருந்து 50 கிலோமீட்டர் தள்ளி மோர்ஜ் என்ற சின்ன ஊரில் ஃபோரெல் பிறந்திருக்கிறார்.

குளிர் தாங்காமல் ஒரு காபிக் கடைக்குள் நுழைந்து நேராகப் போய் உட்கார்ந்தேன். பரிமாறும் அம்மா பக்கத்தில் வந்து நின்று "போன்ஜூர் மதாம்" என்றார். நான் காபி என்றேன். அவர் அசையாமல் மறுபடி "போன்ஜூர்" என்றார். சரி, முதலில் வணக்கம், அப்புறம்தான் காபி. பதிலுக்கு நானும் சொன்னதும் முகம் மலர்ந்து கூடவே ஒரு சின்ன சாக்லேட்டும் கொண்டுவந்து வைத்தார். காபி 4.80 பிராங்க், அளவு இரண்டு மிடறு.

ஜூன் 13, செவ்வாய். நியோன்

நியோனில் ஏரிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. வெளியில் நிற்பது சிலை இல்லை, நிஜமான நீர்மூழ்கி ஒன்று, அதன் பெயரே எஃப். ஏ. ஃபோரெல். ஜாக் பிக்கார் கட்டியது. இவர்தான் 1964-இல் லோசானில் நடந்த தேசியக் கண்காட்சிக்காக இன்னொரு பெரிய நீர்மூழ்கியைக் கட்டி, பொதுமக்கள் 33,000 பேரை இந்த ஏரியின் அடிக்கு அழைத்துப் போனவர். கட்டணம் கொடுத்து ஏறி இறங்கி என்ன பார்த்திருப்பார்கள் என்று யோசித்தேன். அடியில் இருப்பது சேறும் இருட்டும்தான். ஆனால் அந்தச் சேற்றில்தான் கதையே இருக்கிறது, அதை மோர்ஜில் சொல்கிறேன்.

உள்ளே ஏரி மீன்கள் நீந்தும் கண்ணாடித் தொட்டிகள் முன்னால் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம். நான் குனிந்து பார்த்தபோது ஒரு பையன் தானாக நகர்ந்து இடம் விட்டான், அதுவும் கண்ணாடியில் அவன் மூக்கு பதிந்திருந்த இடத்தைத் தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டு.

நியோனிலிருந்து ரோல் வரை படகில் போனேன். ரோல் கரையிலிருந்து எதிர்க்கரைத் தோனோன் வரை கிட்டத்தட்ட பதின்மூன்றரை கிலோமீட்டர். 1826-இல் கொலாடோன், ஸ்டூர்ம் என்ற இரண்டு பேர் தண்ணீருக்குள் ஒலி எவ்வளவு வேகமாகப் போகும் என்று இங்கேதான் அளந்தார்கள். இந்தப் பக்கப் படகில் ஒரு மணியைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு அடிப்பார்கள், அடிக்கிற அதே நொடியில் வெடிமருந்து பற்றி எரியும். அந்தப் பக்கம் கொலாடோன் இருட்டில் ஒரு நீளமான ஊதுகுழல் மாதிரியான குழாயின் வாயைத் தண்ணீரில் முக்கி, மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெளிச்சம் தெரிந்ததும் கடிகாரத்தை அழுத்த வேண்டும், மணி கேட்டதும் நிறுத்த வேண்டும். ஒன்பது நொடிக்குக் கொஞ்சம் மேல். 8 டிகிரி தண்ணீரில் நொடிக்கு 1,435 மீட்டர் என்று கணக்கு வந்தது, இன்றைய கருவிகளோடு ஒப்பிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதற்கும் முன்பே சொசூர் என்பவர், மேலே இழுக்கும்போது சூடு மாறாதபடி நன்றாகப் பொதிந்த வெப்பமானியை இறக்கி ஏரியின் ஆழத்தில் எவ்வளவு குளிர் என்று பார்த்திருக்கிறார். ஆக ஃபோரெலுக்கு முன் யாரும் ஏரியைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் வந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்களுக்கு வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள்.

சாப்பாட்டுக் கதை. இந்தக் கரை முழுக்க எந்த உணவகத்தின் பலகையிலும் பெர்ச் மீன் துண்டுகள்தான் முதல் வரி. வெண்ணெயில் வாட்டி, எலுமிச்சை பிழிந்து, பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல். 42 பிராங்க். குழாய்த் தண்ணீருக்குத் தனியாக 3 பிராங்க் போட்டார்கள், ஏரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும்போது தண்ணீருக்குக் காசு கொடுப்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. சாப்பிட்டு முடிக்கும் நேரம் சமையலறைக் கதவு திறந்து ஒருவர் எட்டிப் பார்த்தார், நேராக என்னிடம் வந்தார்.

"அக்கா தமிழோ?"

யாழ்ப்பாணத்துக்காரர். வந்து கனகாலம் ஆகிவிட்டதாம். மீன் எப்படி என்று கேட்டார், நன்றாக இருக்கிறது, ஏரி மீன் அல்லவா என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எல்லாம் இந்த லேக்கில பிடிச்சதெண்டு நினைச்சிடாதைங்கோ அக்கா. இஞ்ச பிடிபடுறது காணாது. கனக்க வெளியில இருந்துதான் வாறது." வேண்டுமானால் ஃபெரா என்ற மீனைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள் என்றார். அந்த ஃபெராவிலும் ஒரு சங்கடம் உண்டு, இந்த ஏரிக்கே உரிய பழைய ஃபெரா இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அழிந்துபோய்விட்டது, இப்போது அந்தப் பெயரில் கிடைப்பது வேறு ஏரியிலிருந்து கொண்டுவந்து விட்ட சொந்தக்கார மீன். அதை அவரிடம் சொல்லவில்லை. போகும்போது பில்லில் அந்த 3 பிராங்க் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது.

ஜூன் 14, புதன். மோர்ஜ்

காற்று நின்று, வெயில் சுள்ளென்று அடித்தது. மோர்ஜ் ரொம்பச் சின்ன ஊர்: ஒரு கோட்டை, ஒரு படகுத்துறை, ஒரு நீளமான கடைத்தெரு. கடைத்தெருவில் ஃபோரெல் அருங்காட்சியகம் என்று இருக்கும், பெயரைப் பார்த்து நம் ஆள் என்று நினைக்க வேண்டாம், அது அலெக்சி ஃபோரெல் என்ற ஓவியச் செதுக்குக் கலைஞருடையது. இன்னொரு ஃபோரெலும் உண்டு, ஓகுஸ்த், மனநல மருத்துவர், எறும்புகளைப் பற்றி எழுதியவர். இவர் நம் டாக்டருக்குச் சொந்தம். பழைய ஆயிரம் பிராங்க் நோட்டில் படமாக வந்தவர் இந்த எறும்புக்காரர்தான். ஏரிக்காரருக்கு நோட்டு கிடைக்கவில்லை.

படகுத்துறைச் சுவரில் உட்கார்ந்தேன். 1869-இல் நம் டாக்டருக்கு 28 வயது. கரையோர மணலில் அலை வரிவரியாகக் கோடு போடுகிறதே, அதே மாதிரி ஆழத்துச் சேற்றிலும் கோடு இருக்கிறதா என்று பார்க்க நினைத்திருக்கிறார். கொழுப்புப் பூசிய ஒரு தகட்டைக் கயிற்றில் கட்டி, இந்த ஊருக்கு எதிரே சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு இறக்கினார். சேற்றின் அச்சு கொழுப்பில் பதிய வேண்டும் என்பது திட்டம். தகட்டை மேலே இழுத்துப் பார்த்தால் ஒட்டியிருந்த சேற்றில் ஒரு நூல் புழு. வெளிச்சமே போகாத அந்தக் குளிரில் உயிர் எதுவும் இருக்காது என்றுதான் பெரும்பாலானோர் நினைத்திருந்த காலம் அது. கோடுகளைத் தேடிப்போனவர் அங்கேயே பாதை மாறிவிட்டார். அப்புறம் சேற்றை வாரி வாரிப் பார்த்தார், ஆழத்திலிருந்து புழு, நத்தை, குட்டி இறால் போன்ற பிராணிகள் எல்லாம் வந்தன. அதில் கண்ணே இல்லாத ஒன்றுக்குப் பிற்பாடு அவர் பெயரையே வைத்தார்கள்.

அதே வருடம்தான் செய்ஷையும் பிடித்துக்கொண்டார். அதற்கு அவர் செய்த கருவி பெரிய கருவியெல்லாம் இல்லை. கரையில் ஒரு தொட்டி, அதை ஏரியோடு இணைக்கும் ஒரு குழாய், குழாய்க்குள் ஒரு சின்ன மிதவை. ஏரி மட்டம் ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தாலும் தண்ணீர் தொட்டிக்குள் போகும், மிதவை உள்பக்கம் நகரும், இறங்கினால் வெளிப்பக்கம். கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்தார். மோர்ஜில் சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு ஆட்டம் வந்தது, அது ஏரியின் குறுக்கே, எவியான் கரைக்கும் இந்தக் கரைக்கும் இடையே நடப்பது. நீளவாக்கில் ஜெனீவாவிலிருந்து மறுகோடி வரை நடக்கும் ஆட்டத்துக்கு 73 நிமிடத்துக்குப் பக்கம். தாம்பாளத்தில் தண்ணீரோடு நடந்தால் இந்த ஓரம் ஏறி அந்த ஓரம் இறங்குமே, அதேதான். புயலோ காற்றழுத்தமோ தண்ணீரை ஒரு பக்கம் தள்ளிவிட்டு விடும், பிறகு ஏரி தானாக ஆடி ஓயும். மெரியான் என்ற கணித ஆசிரியர் 1828-லேயே இதற்குச் சூத்திரம் எழுதியிருந்தார், நீளத்தையும் ஆழத்தையும் போட்டால் நேரம் வரும், ஃபோரெலின் அளவுகள் அதோடு பொருந்தின. ஜெனீவாவில் மட்டும் ஏன் ஓர் ஆள் உயரம் என்றால், அந்த முனையில் ஏரி குறுகி ஆழமும் குறைகிறது, வந்த தண்ணீர் மேலே ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை.

நானும் விடவில்லை. படகுத்துறைச் சுவரில் பென்சிலால் கோடுகள் போட்டுக்கொண்டு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை குறித்தேன். பாசி படிந்த கல், அதற்கு மேல் ஈரம் காயாத ஒரு விரற்கடைப் பட்டை, அந்தப் பட்டையின் மேல் விளிம்பைத் தண்ணீர் தொட்டது, பிறகு கொஞ்சம் விலகியது, மறுபடி தொட்டது. ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கலாம். நடுவில் பயணிகள் கப்பல் ஒன்று வந்து எல்லாவற்றையும் கலக்கிவிட்டது. பக்கத்தில் படகுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்த பெரியவர் என்ன செய்கிறாய் என்று சைகையில் கேட்டார். "ஃபோரெல்" என்றேன். "ஆ, செய்ஷ்!" என்று தலையாட்டிவிட்டு, அதற்குமேல் ஒரு கேள்வி கேட்காமல் தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்துவிட்டுப் போனார். வெயில் அவ்வளவு.

சாயங்காலம் ஆழமில்லாத கரையோரமாக இறங்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் ரொம்ப நேரம் கிடந்தேன்.

ஜூன் 15, வியாழன். லோசான்

இரவு முழுக்கத் தூக்கமில்லை. கால், தொடை, இடுப்பு என்று சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு, சொறிந்தால் இன்னும் அரிப்பு. காலையில் முதல் வேலையாக மருந்துக் கடை. அங்கிருந்த பெண் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஏரியில் குளித்தீர்களா என்று சிரித்தார். வாத்துத் தெள்ளு என்று சொல்கிறார்கள், ஆனால் தெள்ளு இல்லை. வாத்தின் உடம்பில் இருக்கும் ஓர் ஒட்டுண்ணியின் முட்டை தண்ணீருக்கு வரும், அங்கிருந்து நத்தைக்குள் போய் வளரும், நத்தையிலிருந்து குஞ்சுப் பருவத்தில் வெளியே வந்து திரும்பவும் வாத்தைத் தேடும். ஆழமில்லாத வெதுவெதுப்பான தண்ணீரில் வாத்துக்குப் பதில் நான் கிடந்தால் என் தோலுக்குள் நுழைந்து செத்துப்போகும். அவ்வளவுதான், ஆபத்தில்லை, சில நாள் அரிக்கும். களிம்பு 14.50 பிராங்க். குளித்த உடனே அழுத்தித் துடைத்துக் குளியலறையில் நன்றாகக் கழுவியிருந்தால் குறைந்திருக்குமாம்.

சொறிந்துகொண்டே லோசானுக்குப் போனேன். ஃபோரெல் இங்கேதான் உடற்கூறும் உடலியங்கியலும் பாடம் நடத்தினார். வேலை அது, ஏரி அதற்கு மேல். 1892-இல் லேமான் (இந்த ஏரியின் உள்ளூர்ப் பெயர்) என்ற பெரும் நூலின் முதல் பாகத்தைக் கொண்டுவந்து, இந்தப் படிப்புக்கு லிம்னாலஜி என்ற பெயரையும் வைத்தார், ஏரிகளுக்கான கடலியல் என்று விளக்கினார். மூன்றாம் பாகம் வந்து முடிந்தது 1904-இல். நிலவியல், நீரோட்டம், வெப்பம், நிறம், ஒலி, வேதியியல், உயிர்கள், மீன்பிடி, கரையில் வாழ்ந்த மனிதர்களின் வரலாறு வரை ஒரே ஏரிக்கு. நிறத்தை அளக்கக்கூட நீலத்தையும் மஞ்சளையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து கண்ணாடிக் குழாய்களில் அடைத்து ஓர் அளவுகோல் செய்தார், உலே என்பவர் அதை நீட்டினார், அது கடலிலும் இன்றுவரை பயன்படுகிறது. எனக்கு அவரிடம் பிடித்ததே இதுதான், உலகத்து ஏரிகளையெல்லாம் சுற்றிவிட்டுப் பொதுவிதி சொல்லாமல், காலையில் எழுந்தால் தெரிகிற தண்ணீரிடமே எல்லாக் கேள்வியையும் கேட்டிருக்கிறார்.

கிழக்கே புய்யி கரையில் நின்றால் தண்ணீருக்கு நடுவே ஒரு மிதக்கும் மேடை தெரிகிறது. லெக்ஸ்ப்ளோர் என்று பெயர், 2019-இல் போட்டது, சுமார் 110 மீட்டர் ஆழத்துக்கு மேலே மிதக்கிறது. தொட்டியும் மிதவையும் செய்த வேலையை இப்போது உணரிகள் இரவும் பகலும் செய்கின்றன. பார்க்க வேண்டியதும் நிறைய. சலவைத் தூளிலும் கழிவுநீரிலும் வந்த பாஸ்பேட்டால் 1970-களில் பாசி பெருகி ஏரி நாறத் தொடங்கியது, 1986-இல் சுவிஸ் அரசு துணி சலவைத் தூளில் பாஸ்பேட்டைத் தடை செய்த பிறகு மெல்லத் தெளிந்தது. இப்போது வேறு கவலை. கடுங்குளிர் காலத்தில் மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்து 309 மீட்டர் அடிவரை இறங்கினால்தான் அடிக்கு ஆக்சிஜன் போகும். 2012-க்குப் பிறகு முழு ஆழம்வரை அப்படிக் கலக்கவில்லை, குளிர்காலம் முன்போல் இல்லை. ஃபோரெலின் புழுக்கள் என்ன செய்யும் என்று தெரியவில்லை. போதாததற்கு 2015-இல் குவாகா என்ற வெளியூர்ச் சிப்பியும் வந்து சேர்ந்து, குழாய்களை அடைக்கிறது. கரைக் கல்லெல்லாம் நகம் அளவில் அதுதான், செருப்பில்லாமல் இறங்க வேண்டாம்.

மத்தியானச் சாப்பாடு சூப்பர் மார்க்கெட் ரொட்டியும் பாலாடைக்கட்டியும், 7 பிராங்க். நிம்மதி.

ஜூன் 16, வெள்ளி. பூவெரே

ஏரியின் மறுகோடி. ரோன் ஆறு மலையிலிருந்து இறங்கி ஏரிக்குள் விழுகிற இடம், அதைத்தான் முக்கியமாகப் பார்க்க வந்தேன். ஆற்றங்கரை அணை மேல் நடந்தால் கடைசியில் கற்கள் குவித்த முனை வருகிறது. பனி உருகும் காலம் என்பதால் ஆறு சாம்பல் நிறத்தில், பனியாறு அரைத்த மாவோடு, வேகமாக வருகிறது. ஏரி நீலம். இரண்டும் சேரும் இடத்தில் கலங்கல் மெல்ல மெல்லக் கரையும் என்றுதானே நினைப்போம்? இல்லை. ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் சாம்பல், அந்தப் பக்கம் நீலம், கோட்டின் மேல் நுரையும் குச்சிகளும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் வரிசையாக நின்று சுழல்கின்றன, எதுவும் அந்தப் பக்கம் போவதில்லை. அவ்வளவு பெரிய ஆறு அந்த இடத்தில் காணாமல் போகிறது. பத்தாயியேர் என்று இதற்கு ஊரில் பெயர்.

ஆற்றுத் தண்ணீர் ஏரியின் மேல்தண்ணீரைவிடக் குளிர்ச்சி, மணலும் சேர்ந்து கனம், அதனால் அப்படியே அடியில் மூழ்கி ஓடுகிறது. ஆழம் அளந்தவர்கள் ஏரியின் தரையில் கரைகள் கட்டிய மாதிரி ஒரு நீண்ட பள்ளத்தாக்கைக் கண்டபோது, அது இந்த மூழ்கிய ஆறு உண்டாக்கியது என்று 1885-இல் சொன்னவர் ஃபோரெல். கடலுக்கடியில் இருக்கும் பள்ளத்தாக்குகளைப் பற்றிப் பிற்காலத்தில் யோசித்தவர்களுக்கும் இது உதவியது.

பார்த்துக்கொண்டே இருந்ததில் கரையோரம் செம்மஞ்சள் விளக்கு சுழல ஆரம்பித்ததைக் கவனிக்கவில்லை. நிமிடத்துக்கு 40 முறை மின்னினால் எச்சரிக்கை, 90 என்றால் புயல் நெருங்கிவிட்டது, ஏரியைச் சுற்றிலும் இந்த விளக்குகள் உண்டு. நான் நிமிர்ந்தபோது அது 90-இல் இருந்தது. ஓட்டமும் நடையுமாக ஊருக்கு வருவதற்குள் தொப்பலாக நனைந்தேன், படகும் போய்விட்டது. அரிப்புக்கு மழை இதமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

பேருந்துக்கு நேரம் இருந்ததால் ஒரு சின்ன உணவகத்தில் ஒதுங்கினேன். நடத்துகிற அம்மா கேட்காமலே துண்டு கொண்டுவந்து கொடுத்தார், ஃபெராவும் இருந்தது, 34 பிராங்க், பெர்ச்சைவிட எனக்கு இதுதான் பிடித்தது. கூட்டம் இல்லை, பேச ஆரம்பித்தோம், அவருக்கு ஆங்கிலம் நன்றாக வந்தது. கி.பி. 563-இல் இந்தப் பள்ளத்தாக்கில் மலை சரிந்து, ஏரியில் பேரலை கிளம்பி ஜெனீவா வரை போய் அடித்ததாகப் பழைய வரலாற்று ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஜெனீவா பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2012-இல் ஏரியின் அடிச்சேற்றை ஆராய்ந்து, ஆற்றுமுகச் சேறு சரிந்ததுதான் அலைக்குக் காரணம், ஜெனீவாவில் அது சுமார் 8 மீட்டர் இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். மறுபடியும் நடக்கலாம் என்பதும் அதில் உண்டு. பயமில்லையா என்று கேட்டேன்.

"அலை இங்கிருந்துதானே கிளம்பும், அங்கே போய்த்தானே அடிக்கும்?" என்று ஜெனீவா பக்கம் கையைக் காட்டினார். "நீங்கள் எங்கே தங்கியிருக்கிறீர்கள்?"